தூக்கடா அவனை

என் மகனுடைய கடைசி வருட ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன், பல்கலைக்கழக ஃபுட்போல் அணியின் புதிய கோச் பெற்றோர் எல்லோரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஒருவரையொருவர் இடித்து விழுத்தும் கனடிய ஃபுட்போல் அது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அநேகமாக எல்லோரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், அணியை அடியிலிருந்து கட்டப்போகிறேன், இந்த வருடம் நிறையத் தோற்போம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் இருந்தன. என் மகனுக்கு இந்த ஒன்றுதான் மிச்சம். கை தட்டும்போதே எனக்கு அந்த நினைப்புத்தான்.

கணவருக்குச் சனிக்கிழமைகளில் வேலை. ஸ்காபரோவிலிருந்து நான் தனியாகத்தான் காரோட்டிக்கொண்டு போவேன். இத்தனை வருடம் பார்த்தும் அந்த விளையாட்டு எனக்குப் பிடிபட்டதில்லை. என் மகன் முன்வரிசையில் நின்று இடிபடுகிறவன், பந்து அவன் கைக்கு வராது, வென்றால் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவான், தோற்றால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பந்து எறியும் இடத்துக்குக் கோச் முதலாம் வருடப் பையன் ஒருவனைப் போட்டிருந்தார். மெலிந்து நெடுத்த பிள்ளை. பந்தை வாங்கி, யாருக்கு எறியலாம் என்று அவன் தலையை நிமிர்த்திப் பார்ப்பதற்குள் எதிரணிக்காரர்கள் வந்து அவனை நிலத்தில் சாய்த்துவிடுவார்கள். முதல் ஆட்டம் தோற்றோம். அடுத்ததும் தோற்றோம். போன வருடம் விளையாடிப் பழகிய ஒருவன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தூக்கடா அவனை!" என்று கத்தினேன். அவனை வெளியே எடு என்று கோச்சுக்குச் சொன்னது. ஆங்கிலத்தில் கத்த வெட்கமாக இருந்தது. தமிழ் அங்கே யாருக்கும் விளங்காது என்ற துணிவில், அந்தப் பையன் விழும்போதெல்லாம் அதையே கத்தினேன்.

அடுத்த ஆட்டத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும். வடக்கே நாலைந்து மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சட்பரியிலிருந்து விடியவே புறப்பட்டுக் காரோட்டி வந்தேன் என்றார். இங்கே யாரையும் தெரியாது என்றார். இடைவேளையில் எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் மகன் விழும்போதெல்லாம் நீங்கள் ஏதோ சொல்லிக் கத்துகிறீர்களே. அதற்கு என்ன அர்த்தம்?"

அவர்தான் அந்தப் பையனின் தாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோப்பி கையில் சுட்டது.

"அவனைத் தூக்கிவிடு என்று அர்த்தம்" என்றேன். "விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கிவிடச் சொல்வது."

அவருடைய கண் கலங்கிவிட்டது. "நானும் சொல்லலாமா?" என்றார். எப்படிச் சொல்லவேண்டும் என்று இரண்டு மூன்று தரம் என்னிடம் கேட்டுப் பழகினார். அன்று பின்னேரமே முன்னால் இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதற்கடுத்த ஆட்டத்தில் பெற்றோர் பகுதி முழுவதும் "துக்கடா! துக்கடா!" என்று கத்தியது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், நான் ஏதோ பெரிய கொடை கொடுத்துவிட்டதைப் போல.

அன்றும் தோற்றோம். காரில் ஏறிய மகன் சீட் பெல்டைக்கூடப் போடவில்லை.

"அம்மா, நீங்கள் என்ன சொல்லிக் குடுத்தனீங்கள் அவையளுக்கு?"

"சும்மா உற்சாகத்துக்கு..."

"ப்ளீஸ் அம்மா. எனக்குத் தமிழ் விளங்கும். உங்கட குரலும் எனக்குக் கேக்கும்."

நான் காரை எடுத்தேன். கெனடி வீதிக்கு வந்த பிறகுதான் அவன் மறுபடி பேசினான்.

"அவன் ஏன் விழுறான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? அவனுக்கு முன்னால நிண்டு மறிக்கிறது ஆர்? நான். வாறவனை நான் விட்டாத்தான் அவனைப் போய் விழுத்துவான். இந்த சீசன் ஃபுல்லா நான் விட்டுக்கொண்டுதான் இருக்கிறன். என்ர முழங்கால் சரியில்லை. கோச்சுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒருத்தரும் என்னை ஒண்டும் சொல்லேல்லை."

"நீ எனக்குச் சொல்லேல்லையே, அப்பன்."

"சொன்னா விளையாடவேண்டாம் எண்டு சொல்லுவீங்கள். திஸ் இஸ் மை லாஸ்ட் இயர், அம்மா."

அடுத்த ஆட்டத்தில் முதல்முறையாகப் பந்தைப் பார்க்காமல் என் மகனை மட்டும் பார்த்தேன். அவன் சொன்னது சரி. எதிரணிக்காரன் ஒருவன் சுற்றி ஓடும்போது இவன் காலை எடுத்து வைக்கப் பிந்துவான். அவ்வளவுதான். அடுத்த நொடி பின்னால் அந்தப் பிள்ளை நிலத்தில் கிடப்பான். பிறகு எழும்பி வந்து என் மகனின் முதுகில் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போவான். இதையெல்லாம் இத்தனை கிழமையாக நான் பார்த்துக்கொண்டிருந்தும் பார்க்கவில்லை.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அந்தப் பிள்ளை விழுந்தபோது உடனே எழும்பவில்லை. மருத்துவ உதவியாளர்கள் ஓடினார்கள். என் மகன் பக்கத்தில் முழங்காலில் நின்றான். அந்தப் பெண்மணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தக்கூட முடியாமல், வாய்க்குள்ளேயே "துக்கடா அவனை, துக்கடா அவனை" என்று செபம் சொல்வதைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் எழும்பினான். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் அதற்குமேல் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்குப் போகும்போது அவரை நிறுத்திச் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்கு நான் வைத்த அர்த்தத்தையும், பிழை யாருடையது என்பதையும்.

அவர் கார்ச் சாவியைக் கைப்பைக்குள் தேடி எடுத்தார். பிறகு, "என் அம்மாவுக்குக்கூட அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு சனியும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து சொல்கிறார்" என்றார். தன் காரை நோக்கி நடந்தார்.

கடைசி ஆட்டத்துக்கு அவர் வந்தார். வரிசையின் மற்றக் கோடியில் போய் உட்கார்ந்தார். அன்று மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றோம். அந்தப் பிள்ளை எறிந்த பந்து ஒன்று அரைவாசி மைதானத்தைத் தாண்டிப்போய் ஒருவன் கையில் விழுந்தபோது சனம் எழும்பி நின்று கத்தியது. இரண்டு வருடத்தில் இவன் எங்கேயோ போய்விடுவான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். என் மகன் அந்த ஒரு எறிதலுக்கு வேண்டிய நேரம் முழுவதும் தன் ஆளை மறித்து நின்றதை நான் கண்டேன். அதை யாரும் பேசவில்லை.

மைதான வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது அவரே என்னிடம் வந்தார்.

"அவனிடம் சொன்னேன். அவனுக்கு முதலே தெரியுமாம். நீங்கள் கத்தத் தொடங்கிய அன்றே அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் மகனிடம் கேட்டிருக்கிறான், அவனும் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். பிறகு நான் அதைக் கத்தத் தொடங்கியதும், என் அம்மாவுக்குச் சொல்லிவிடாதே என்று உங்கள் மகனிடம் இவன்தான் கேட்டிருக்கிறான்." அவர் மைதானப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பதினெட்டு வயது. அது என்னவென்று தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு தரமும் எழும்பியிருக்கிறான்."

"என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது.

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று ஆட்டினாரா, கேட்டேன் என்று மட்டும் ஆட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வடக்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டதாம், இருட்ட முதல் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். என் மகன் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். நான் அவனுடைய பையை வாங்கிக்கொண்டேன்.