காத்தாடிக்கும் வீட்டுக்கும் நடுவே

அம்புரோஸ் ஓட்டுவது காற்றாலை இறக்கை ஏற்றும் நீண்ட டிரெய்லர். பொன்னேரிப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஏற்றினால், காற்றாலைகள் நிற்கும் தென்கோடி ஆரல்வாய்மொழி போய்ச் சேர ஒரு வாரமாவது ஆகும். பிறந்து வளர்ந்தது கல்மண்டபத்தில், துறைமுக லாரிகள் வாசலை உரசிக்கொண்டு போகிற வீட்டில். அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவருக்கு, காற்றாலைச் சத்தம் தாங்கவில்லை என்று தெற்கே யாராவது முறையிட்டால் சிரிப்புத்தான் வரும்.

போன ஆடியில் அங்கே கிரேன் பழுதாகி, இறக்கையை இறக்க முடியாமல் காத்துக்கிடந்தார். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் கூப்பிட்டுச் சோறு போட்டார். வெயில் சாய்ந்த நேரம். வீட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே நின்ற காற்றாலையின் நிழல் ஜன்னல் வழியே வந்து சோற்றின் மேல் விழுந்தது, மறைந்தது, மறுபடி விழுந்தது. கூடவே துணி துவைப்பது போல ஒரே சத்தம். லாரிச் சத்தம் வந்தால் போய்விடும். இது போவதாயில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார். நிழல் அங்கேயும் வந்தது.

இசக்கியம்மாள் பழைய சேலையொன்றை ஜன்னலில் இழுத்துக் கட்டினார்.

"காத்தாடி வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. எம்மவனுக்கே அதுலதான் சோலி. கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம்லா?"

வண்டியில் கிடந்த இறக்கை அடுத்த காற்றாலைக்கானது. அது எங்கே நிற்கப் போகிறது என்று இசக்கியம்மாள் கேட்கவில்லை. அம்புரோஸும் அதைச் சொல்லாமல் தட்டைக் கழுவி வைத்தார்.

மார்கழியில் எண்ணூரிலிருந்து தங்கை கரோலின் போன் செய்தாள். அவளும் புருஷன் நோயலும் குடியிருக்கும் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு தனியார் ஆலை இரண்டு காற்றாலை நிறுத்தப் போகிறதாம். அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்க அதிகாரிகள் கூட்டம் போட்டிருக்கிறார்களாம். அம்புரோஸ் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார்.

"இத்தினி வருசமா பொகையத் துன்னுகினு கீறோம். இப்பத்தான் பொகையில்லாத ஒண்ணு வருது. நோயலுக்கு வாட்ச்மேன் வேலை தர்றேன்னு வேற சொல்லிகீறாங்க. நீ குறுக்க எதுவும் பேசாதண்ணா" என்றாள்.

"வரட்டும்மே. தள்ளி வரட்டும்னுதான் சொல்றேன்."

கூட்டத்தில் அவர் எழுந்து நின்றபோது சொல்ல வந்தது எல்லாம் குழம்பிப்போயிற்று. "அந்த மாதிரி வூட்ல குந்தி ஒருவாட்டி சோறு துன்னு பாருங்க சார், தெரியும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. வீடுகளிலிருந்து விட வேண்டிய தூரத்தை விட்டுத்தான் இடம் குறித்திருக்கிறோம், கடைசி வீடு அதோ அந்த மாதாகோவில் தெருவில் இருக்கிறது என்று கை காட்டினார்.

மாதாகோவில் தெருவைத் தாண்டி, காற்றாலை வரப்போகிற பக்கமாகத்தான் கரோலினின் வரிசை. பட்டா இல்லாத முப்பது நாற்பது குடும்பங்கள். அண்ணனைப் பேசாதே என்றவள், இடுப்புக் குழந்தையோடு எழுந்தாள்.

"அப்போ எங்க வூடு வூடு இல்லியா சார்?"

அதிகாரி கையிலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "பட்டா இல்லாததை அளவில் எடுக்கவில்லை" என்றவர், மக்கள் குடியிருக்கிற இடம் குடியிருப்புத்தான் என்று தாமே ஒத்துக்கொண்டு, மறுபடி அளக்கச் சொன்னார்.

அளந்ததில் ஒரு காற்றாலை கழிமுகப் பக்கம் தள்ளிப் போனது. இன்னொன்றுக்கு அந்த நிலத்தில் இடமே இல்லாமல் போயிற்று. ஒற்றைக் காற்றாலைக்குப் புதிதாகக் காவலாள் தேவையில்லை என்று ஆலைக்காரர்கள் நோயலைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மாதம் கரோலின் அண்ணனோடு சரியாகப் பேசவில்லை. "நாந்தான கேட்டேன், உன்ன சொல்லி இன்னா பண்றது" என்று ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

அம்புரோஸ் முதலாளியிடம் பேசி நோயலைத் தன் வண்டிக்கே சேர்த்துக்கொண்டார். வழியில் தாழத் தொங்கும் ஒயர்களை மூங்கில் கழியால் தூக்கிப் பிடிப்பது வேலை. பழகும்வரை தோள்பட்டை விட்டுப்போகும். அவர்கள் சேர்ந்து கொண்டுபோன முதல் இறக்கையே எண்ணூருக்கானதுதான். மீஞ்சூர் கடைத்தெருவில் நோயல் கழியை உயர்த்தி, "வா மச்சான், வா, போதும்" என்று பின்னோக்கி நடக்க, அம்புரோஸ் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஊர விட்டார்.