சிவப்பு அடங்குவதற்குள்

சர்க்கரை இருக்கிறது, தினமும் வேகமாக நடங்கள் என்றார் ஒரு டாக்டர். நடந்தேன். முகம் சிவந்து எரிந்தது. அதைக் காட்டப் போன இடத்தில், தோல் டாக்டரான ஒரு சின்னப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும், எனக்குப் பாடம் நடத்தினாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் நடந்துவிட வேண்டும். நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வாசனை சேர்த்த எதையும் முகத்தில் பூசக் கூடாது. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "உங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா பாட்டி?" என்று கேட்டாள். தெரியும், எங்கள் அத்தை சொல்லியிருக்கிறாள் என்றேன். அத்தை எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள் என்று கேட்பாள் போலிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இப்படித் தோல் வாய்த்தது. நைனா நல்ல கறுப்பு. அம்மா மாநிறம். நைனாவின் தங்கையான அத்தை இரண்டுக்கும் நடுவில். நான் மட்டும் உரித்த வெங்காயம் போல வெளுத்துப் பிறந்து தொலைத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் ராஜாத்தி என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். கிள்ளிய இடம் அரை நாள் சிவந்து கிடக்கும். அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஓடிவிட்டாலோ, சொல்லவே வேண்டாம். முதலில் காது மடல் சுடும். பிறகு கன்னம், அப்புறம் நெற்றி, கடைசியில் கழுத்து வரை இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் எனக்கு மிளகாப்பழம் என்று பெயர். டிரில் வாத்தியார் என் முகத்தைப் பார்த்துக் காய்ச்சல் என்று பயந்து, புங்கமரத்து நிழலில் உட்காரச் சொல்லிவிடுவார். மற்றப் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஓடுவதென்றால் உயிர். ஒரே ஒரு நாள், யாரும் தடுக்காமல் மூச்சு முட்ட ஓட வேண்டும் என்பதுதான் எட்டு வயதில் எனக்கிருந்த பெரிய ஆசை.

அம்மாவுக்கு எல்லா நோய்க்கும் மருந்து மஞ்சள். சிவந்த முகத்தில் மஞ்சளை அரைத்துப் பூசுவாள். நான் அலறுவேன். எரிச்சல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அத்தை எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வைத்தியம் நின்றது. பயத்தமாவை இரண்டு முறை சலித்து அதில்தான் குளிப்பாட்டுவாள். விளையாடி வந்தால் பழைய வேட்டித் துணியைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, கன்னத்தில் வைத்து வைத்து எடுப்பாள். பிறகு ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். அதை அவள் மென்று முடிப்பதற்குள் என் சிவப்பு அடங்கிவிடும். ஏறின வரிசைக்கு நேர்மாறாக இறங்கும். முதலில் கழுத்து, பிறகு நெற்றி, கன்னம், கடைசியில் காது. அந்தக் கணக்கு என்னைவிட அத்தைக்குத்தான் நன்றாகத் தெரியும். வட்டமான ஒரு சின்னக் கண்ணாடியை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "பாரு கண்ணு, போயிடுச்சா?" என்பாள்.

அந்தக் கண்ணாடி ரங்கூனிலிருந்து வந்தது. மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், கல்யாணமான மறுவருஷமே அங்கே ஓர் அரிசி மில்லில் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த முறை வரும்போது அத்தையையும் அழைத்துப் போவதாகப் பேச்சு. அதற்குள் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கடிதம் நின்றது. அங்கிருந்து கால்நடையாகவே காடு மலை தாண்டி வந்து சேர்ந்த ஒருவர் பள்ளிப்பட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நைனா போய் விசாரித்து வந்தார். ஓர் ஆற்றங்கரை வரை மாமா அவரோடு நடந்து வந்தாராம். அங்கே காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாராம். மற்றவர்கள் நடந்துவிட்டார்கள். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அத்தை அழுது நான் பார்த்ததில்லை. காலையில் அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வாள். சாயங்காலம் பட்டணத்து ரயில் ஊதும்போது, எந்த வேலையில் இருந்தாலும் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிடுவாள். அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் திருவாலங்காட்டிலிருந்து மாமாவின் அண்ணன் வந்தார். அவரைப் பெரிய மாமா என்போம். கூடத்தில் உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டு நைனாவிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"எத்தினி வருசம் இப்டியே உட்டு வெக்கறது? போனவனுக்கும் ஒரு வழி பண்ணணும் இல்ல? அவன் அங்க அலைஞ்சிகினு இருப்பான். கர்மம் பண்ணிட்டு, பொட்டு எடுத்துடலாம்."

அவர் கெட்டவரில்லை. நைனா காலி மோர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கிருத்திகை போவட்டுங்க. காவடி நேர்ந்துகினு கீறோம். ஆவணி பொறக்கட்டும், செஞ்சிடலாம்," என்றார்.

அத்தை அப்போது பின்கட்டில் என் கன்னத்தில் துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் காதுக்குள் இறங்கியது. கூச்சம் தாங்காமல் நான் சிரித்தேன். பொட்டை எடுத்தால் வேறொன்று வைத்துக்கொண்டால் போகிறது, இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்பதுதான் என் நினைப்பு.

ஆடிக் கிருத்திகை வந்தது. நைனாவுக்குப் பெரிய காவடி. அத்தையின் நேர்த்தி என்று எனக்கும் ஒரு சின்னப் பூக்காவடி. குளத்தில் முழுக்குப் போட்டு, மஞ்சள் பாவாடை கட்டி நின்றபோது அம்மா ஒரு கை விபூதியை அள்ளி என் முகமெல்லாம் பூசினாள்.

"மொகத்துல வாணாம் அண்ணி, அதுக்கு எரியும்," என்றாள் அத்தை.

"சாமி விபூதி எரியுமா? நல்லா சொன்ன போ!" என்று அம்மா இன்னும் ஒரு கை பூசினாள்.

அத்தை ஒரு சொம்பில் தண்ணீரும் தோளில் வேட்டித் துணியுமாக என்னோடு மலைக்கோயில் படியேறினாள். பத்துப் படிக்கு ஒரு தரம் நிற்க வேண்டும், மூச்சு சமமான பிறகுதான் அடுத்த பத்து. இப்படிப் போனால் எப்போது மலை ஏறுவது? நைனாவின் காவடியும் மேளமும் கண்ணுக்குத் தெரியாமல் மேலே போய்விட்டன. கிருத்திகைக்கு வந்திருந்த பெரிய மாமாவும் நைனாவோடு போய்விட்டார். பாதி வழியில் சொம்புத் தண்ணீர் தீர்ந்துபோனது. "இங்கயே நில்லு கண்ணு, தண்ணி மொண்டுகினு வந்துடறேன்," என்று அத்தை தண்ணீர்ப்பந்தல் பக்கம் போனாள்.

அந்த நேரம் பார்த்து என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் படியில் தாவிக்கொண்டு வந்தார்கள். "டேய், மிளகாப்பழம் காவடி தூக்கிகினு நிக்குது டோய்!" என்று கத்திவிட்டு மேலே ஓடினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தையைக் காணோம். வாத்தியாரைக் காணோம். தடுக்க யாருமே இல்லை.

ஓடினேன். தோளில் காவடி குதிக்க, பூவெல்லாம் உதிர, ஓடினேன். அந்தப் பையன்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டுதான் மேலே போய்ச் சேர்ந்தேன். என்ன ஆனந்தம் அது! அப்படி ஓடியது அந்த ஒரு முறைதான்.

மேலே போனதும் காலெல்லாம் நடுங்கியது. ஒரு கல்தூணில் சாய்ந்துகொண்டேன். முகம் அடுப்பாக எரிந்தது. வியர்வையில் கரைந்த விபூதி கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைத் திறக்க முடியாமல், பேச முடியாமல், உடம்பெல்லாம் ஆட நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயோ, கொழந்த மொகத்தப் பாருங்க! சாமி வந்துட்டாரு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

யாருக்கோ சாமி வந்துவிட்டதென்று நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கத் திரும்பினேன். எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அரோகரா என்று ஒரே முழக்கம். யாரோ என் முன்னால் கற்பூரம் கொளுத்தினார்கள். கொதிக்கிற முகத்துக்கு அது ஒன்றுதான் குறைச்சல்! ஒரு கிழவர் தம் வயல் வழக்கு ஜெயிக்குமா என்று கேட்டார். மூச்சு வாங்கியதில் என் தலை தானாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. தெலுங்கு பேசும் ஓர் அம்மாள் மகளுக்குப் பிள்ளை பிறக்குமா என்று கேட்டாள். அதற்கும் தலை ஆடியது. பிறந்ததோ இல்லையோ, இன்றைக்கும் எனக்கு அந்தக் கவலை உண்டு.

கூட்டத்துக்குள் நைனாவின் காவடி தெரிந்தது. நைனா என்னைக் கண்டு திகைத்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் பெரிய மாமா கைகூப்பிக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் தேடவில்லை. எனக்கு அத்தைதான் வேண்டும். அத்தை வந்துவிட்டால் போதும். இது சாமி இல்லை, ஓடினதால் வந்த சிவப்பு என்று எல்லாருக்கும் சொல்லிவிடுவாள்.

அத்தை வந்தாள். ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் நனைத்த துணி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். என் கழுத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். தினமும் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பாளோ, அப்படித்தான் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிப் பெரிய மாமாவையும் நைனாவையும் பார்த்தாள். நான் முகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் சொம்பையும் துணியையும் கீழே வைத்தாள். கையைக் கூப்பினாள்.

"சாமி! ரங்கூனுக்குப் போனவரு திரும்பி வருவாருங்களா?"

அத்தை அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னை 'ங்க' போட்டுக் கேட்கிறாளே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அதற்குள் எனக்கு மூச்சு அடங்கியிருந்தது. தலை தானாக ஆடவில்லை. அத்தையின் கண்ணைப் பார்த்தேன். அதில் இருந்த ஏக்கத்தை இப்போது சொல்லச் சொன்னால் சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு, ஆமாம் என்று சொன்னால்தான் துணியை எடுத்து என் முகத்தில் வைப்பாள் என்று மட்டும் தெரிந்தது. மெதுவாக, நானாகவே, தலையை ஆட்டினேன்.

அரோகரா என்று மலையே அதிர்ந்தது. பெரிய மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு விம்மி அழுதார். அத்தை கீழே குனிந்து துணியை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

ஆவணி வந்தது. கர்மம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. "சாமியே சொல்லிடுச்சி, இனிமே நாம இன்னா சொல்றது?" என்று நைனா கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். எனக்குத்தான் நிம்மதி போனது. மாமா வராவிட்டால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடுமே. ரயில் ஊதினால் இப்போது நானும் வாசலுக்கு ஓடினேன். ஸ்டேஷன் பக்கமிருந்து பையோடு வரும் ஒவ்வோர் ஆளையும், முகமே ஞாபகமில்லாத ஒரு மாமாவாக இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். சண்டை முடிந்தது. வருகிறவர்கள் வந்தார்கள். மாமா வரவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி நலங்கு வைத்த அன்று, ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு கை மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள். முகம் தீயாக எரிந்தது. பின்கட்டில் அத்தை துணியும் தண்ணீருமாக உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அத்த, அன்னிக்கு மலமேல எனக்கு சாமி வரல. ஓடினதால செவந்துகினு இருந்தது. நானாத்தான் தலைய ஆட்டினேன்." சொல்லும்போதே அழுகை வந்து தலை குலுங்கியது.

அத்தையின் கை இந்த முறை நிற்கவில்லை. "தலைய ஆட்டாத கண்ணு. அன்னிக்கு ஆட்டுனதே போதும்," என்றாள். கன்னம், காது என்று ஒற்றி முடித்து, ரங்கூன் கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அத்தை போய்ச் சேர்ந்தபோதும் நெற்றியில் பொட்டு இருந்தது. கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது, பாதரசம் உரிந்து. நடந்துவிட்டு வந்து துணியை நனைக்கும்போதெல்லாம், இதைப் பிடித்துக் காட்ட அத்தை இல்லையே என்றிருக்கிறது.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது. பாதி தூரம் இறங்குவதற்குள் என் காது மடலும் பழையபடி வெளுத்துவிட்டது. அத்தை என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை அவளுடைய ஐந்து விரலும் அங்கே சிவப்பாகப் பதிந்து கிடந்தன. படியில் நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.