வருத்தம் என்று சொன்னேன்

தாம்பரத்தில் காய் வாங்கப் போனாலும் ஆட்டோவில் ஏறினாலும் என்னிடம் முதலில் கேட்பது, "நீங்க கேரளாவா?" என்றுதான். தமிழ்தான் என்று சொன்னால், "அப்படியா, நல்லா கத்துக்கிட்டீங்களே" என்று பாராட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள் இதற்கு என்ன பதில் சொல்வது என்று பன்னிரண்டு வருடங்களாகத் தெரியவில்லை. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் உறவுகள், "உங்களுக்கென்ன, பாஷைப் பிரச்சினை இல்லை" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் கணவர் சிவநேசனின் வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. அவருக்கு நீரிழிவு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பட்டறையில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. எங்களிடம் ஆதார் இல்லை. வெளிநாட்டவர் பதிவுத் தாள் மட்டும்தான். அதை நீட்டினால் யார் என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் மருந்துக் கடைக் களிம்பைப் பூசியே நாட்களைக் கடத்தினோம். ஊரில் என்றால் ஆஸ்பத்திரியில் யாரைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும். இங்கே எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியவில்லை.

எதிர் வீட்டு நூர்ஜஹான் அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். துணிக்கடைக்காரரின் மனைவி. தெருவில் யாருக்கு மாத்திரை வேண்டும், யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது என்று பார்த்து, அலைந்து முடித்துக் கொடுப்பவர். "கல்யாண மண்டபத்துல முகாம் போட்டுகீறாங்க. டாக்டர் கீறாரு, எல்லா உதவிக்கும் ஆள் கீது. இன்னாத்துக்கு வூட்டுலயே வச்சிகினு கீறே? கெளம்பு வசந்தி!"

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அக்காவை வேறு யாரோ கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். முன் மேசையில் ஓர் இளம்பெண், வந்தவர்களை விசாரித்து எந்த அறைக்குப் போவது என்று டோக்கன் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

"இவருக்கு வருத்தம். கனநாளா மாறுதில்லை."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய், மாறுவது என்றால் குணமாவது. அந்தப் பெண்ணின் முகம் இளகியது. "எதனால வருத்தம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சீனியாலதான்."

"சீனிங்கறது யாரும்மா, உங்க பையனா?"

சர்க்கரையைச் சொன்னால் பையனைக் கேட்கிறாளே என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை" என்றேன். அவள் சட்டென்று எழுந்து என் கணவரின் கையைத் தொட்டு, "கடைசி ரூமுக்குப் போங்க சார். மனசு விட்டுப் பேசுங்க" என்றாள். வைத்தியரிடம் ஒளிக்காமல் பேசச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தனியாக உள்ளே போனார். கதவு மூடியது. வெகுநேரம் திறக்கவில்லை. புண்ணைக் கழுவுகிறார்கள் என்றே நம்பியிருந்தேன். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. காலைப் பார்த்தேன். நான் காலையில் சுற்றிவிட்ட துணி அப்படியே இருந்தது.

"என்னப்பா, மருந்து போடேல்லையா?"

"உள்ளை இருந்த பிள்ளை காலைப் பற்றிக் கேக்கேல்லை. அம்மாவைப் பற்றித்தான் கேட்டது."

அவருடைய அம்மா இரண்டு வருடங்களுக்கு முன் ஊரில் இறந்துபோனார். இங்கிருந்து போனால் திரும்பி வர அனுமதி கிடைக்குமோ தெரியாது என்று இவர் போகவில்லை. சடங்கை வீடியோவில் காட்டினார்கள். வேலை நேரம், பார்க்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். ஆனால் பட்டறைக்குப் பின்னால் தகரங்களுக்கு நடுவே நின்று, சிதை மூட்டும் வரை முழுவதையும் பார்த்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொள்வதா, சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குள் நூர்ஜஹான் அக்கா வந்து டோக்கனைப் பிடுங்கிப் பார்த்தார். "கால் புண்ணுக்கு வந்த மனுசனை மனசு டாக்டராண்ட அனுப்பிகீறாங்களே!" எங்களை டாக்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஆதார் கேட்டார்.

"கார்டு இல்லேன்னா புண்ணு வராதா சார்? மொதல்ல காலைப் பாருங்க!"

டாக்டர் மறுபடி உட்கார்ந்து துணியைப் பிரித்தார். புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார்.

தவறு தெரிந்து ஓடிவந்த முன் மேசைப் பெண் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். கோபம் வரவேண்டிய இடத்தில் ஏன் வரவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

ஆறு வாரத்தில் புண் ஆறிவிட்டது. ஆனாலும் ஸ்டேஷன் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அவர் மாதம் இரண்டு முறை போகிறார், அன்று கடைசி அறையில் இருந்த ஆலோசகப் பெண்ணிடம் பேச. நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் அவர் இன்னமும் அதிகம் பேசுவதில்லை. போன சனிக்கிழமை கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. ஊரில் எங்கள் வீட்டு வளவில் நின்ற மாமரத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே அந்தத் தாம்பரத்துப் பெண், ஆமாம் என்பதற்குப் பதிலாக எங்கள் ஊர்க்காரி மாதிரியே, "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே செங்கல்பட்டு வண்டிக்கு அறிவிப்பு வந்தது. எழுந்து உள்ளே போகலாமா என்று நினைத்தேன். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.