ஒப்பிட எடுத்த ஊர்

உளவியல் முதுகலை முடித்ததும், திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. எண்ணூரில் ஆலைகளை ஒட்டி வாழ்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகமா என்று பார்க்கும் ஆய்வு அது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும்.

அங்கே ஒரு மீனவர் வீட்டில் கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவிதான் பேசினார்.

"கடலுக்குப் போயி மாசக்கணக்காவுதும்மா. சோறு வச்சாத் துன்றாரு, இல்லாங்காட்டி அப்டியே குந்திகினு கீறாரு. இத்தெல்லாம் எழுதிகினு போனா டாக்டரு வருவாரா?"

"வருவாங்கக்கா" என்றேன். நம்பித்தான் சொன்னேன். ஆய்வு முடிவைப் பார்த்து அந்தப் பக்கம் ஒரு மனநல மருத்துவரை அனுப்புவதாகப் பேச்சு இருந்தது.

எண்ணூரோடு ஒப்பிடப் பக்கத்திலிருக்கும் சடையங்குப்பத்தை எடுத்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் வருமானம் ஏறக்குறைய ஒன்று என்பதுதான் காரணம். போனால், அங்கே ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர்.

"வானம் கறுத்தாலே புள்ளைங்களத் தூக்கிகினு முழிச்சிகினு குந்துறோம். எங்க தூங்கறது?" என்றார் ஒரு பெண்.

திரும்பி வந்து ஆய்வுத் தலைவரிடம் சொன்னேன்: "சார், வெள்ளத்துல நொந்துபோனவங்களோட ஒப்பிட்டா எண்ணூர் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். ஆலையும் வெள்ளமும் இல்லாத ஊர் ஒண்ணையும் சேர்க்கலாமே?"

"பாதியில மாத்தினா ஆய்வையே யாரும் நம்ப மாட்டாங்கம்மா" என்றார். அதுவும் நியாயம்தான்.

இரண்டு ஊரின் சராசரிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. கணக்கில் பிழை கிடையாது. நானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 'ஆலைப் பகுதியில் மனச்சோர்வு கூடுதலாக இல்லை' என்று அறிக்கை வந்தது. ஒப்பிட்ட ஊர் மழைக்கு மழை வெள்ளத்தில் மூழ்கும் என்பது எங்கோ உள்ளே ஒரு வரியாக இருந்தது. மருத்துவர் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது.

எண்ணூர் மீனவர் வீட்டு அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அப்ப இவருக்கு ஒண்ணும் இல்லேன்றாங்களா?"

"அப்படி இல்லக்கா. இன்னொரு ஊர்லயும் இதே அளவு கஷ்டம் இருக்கு. அதனால இங்க அதிகம் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப அந்த ஊருக்காவது டாக்டரு போறாரா?"

"இல்லக்கா."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கணவர் பக்கம் திரும்பி, தட்டில் ஆறிக்கிடந்த சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தார். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.