பெர்னார்டி என்ன கூட்டம்?

போன ஞாயிற்றுக்கிழமை கோவை துடியலூரில் எதிர்வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஒரு இத்தாலியக் குடும்பப் பெயருக்கு அர்த்தம் தேடினேன். சும்மா அல்ல... ஒரு கல்யாணமே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் எதிர்வீட்டுப் பழனிச்சாமி அண்ணன் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். மகள் நிவேதா மிலானில் படித்து, அங்கேயே வேலையில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் மார்கோவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னதிலிருந்து, அண்ணன் மகளோடு பேசுவதில்லை. நாலு மாதம். அண்ணி அழுது, கெஞ்சியதில், கடைசியில் அண்ணன் "வரட்டும்... பார்த்துப்போட்டுச் சொல்றேன்" என்றார்.

நிவேதாவோடு மார்கோ வந்தான். அண்ணன் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீவி ஓடவில்லை.

அரை மணி கழித்து என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, இவுங்க என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே அதுதானே? கூட்டம் என்றால் குலம்; பல கூட்டங்களுக்குப் பறவை, மிருகங்களின் பெயர்தான். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மிலான்காரன் எந்தக் கூட்டத்தைச் சொல்வான்?

நிவேதா தயங்கித் தயங்கி அவனிடம் கேட்டாள். "குடும்பப் பெயர் பெர்னார்டியாம். அர்த்தம் தெரியாதாம்" என்றாள் என்னிடம்.

போனை எடுத்துத் தேடினேன். படிக்கப் படிக்க எனக்கே பரபரப்பு தாங்கவில்லை. பெயர்தான் இத்தாலி... வேர் ஜெர்மானியம்! 'பெர்ன்' என்றால் கரடி. 'ஹார்ட்' என்றால் இதயம் இல்லை - துணிச்சல், உறுதி. கரடி போலத் துணிந்தவன் பெர்னார்டோ. அவன் வம்சத்தார் பெர்னார்டி. ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த ஜெர்மானியர்கள் இத்தாலியிலேயே தங்கி, பெண் கொடுத்து, பெண் எடுத்து, சொந்த பாஷையையே மறந்துவிட்டார்கள். பெயர்கள் மட்டும் மிச்சம்.

எல்லாவற்றையும் அண்ணனிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"கரடியா?" முதல்முறையாக மார்கோவை நேராகப் பார்த்தார். "அப்ப அவுங்களுக்கும் கூட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா."

"நாங்க காடைக் கூட்டம். இவுங்க கரடி..." யோசித்தார். "வேற வேற கூட்டந்தானுங்க. முறை தப்பில்லை."

பிறகு மகளைப் பார்த்தார். "கண்ணு, அவருக்குச் சாப்பாடு போடு சாமி. எந்நேரம் உட்கார்ந்திருப்பாரு?"

நாலு மாதத்தில் மகளிடம் பேசிய முதல் வார்த்தை. நிவேதா சமையலறைக்குள் ஓடினாள். இலையை எடுத்து வர வெகுநேரம் ஆனது. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

மதம், பாஷை, சாப்பாடு, தூரம் என்று நாலு மாதமாக அண்ணன் அடுக்கியிருந்த ஆட்சேபணைகள் எங்கே போயின? ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை.

சம்மதிக்க மனசு வந்துவிட்டால்... காரணத்துக்கா பஞ்சம்?