மேற்கு டெக்சாஸில் ஓர் ஆடு வளர்த்த கதை

ஆகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு டாலஸ் பக்கத்துக் காப்பெல்லை விட்டுக் கிளம்பினோம். வாடகை லாரியில் நான் முன்னால். காரில் என் மனைவி கவிதாவும் பத்து வயது மகள் இனியாவும் பின்னால். போக வேண்டிய தூரம் மேற்கே இருநூற்று ஐம்பது மைல். கவிதா குழந்தைகள் டாக்டர். மற்ற டாக்டர்கள் வர மறுக்கும் ஏதாவது ஒரு சின்ன ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தால்தான் இந்த நாட்டில் நீடிக்கலாம் என்பது அவளுடைய விசாவின் கட்டளை. எனக்கு ஐடி வேலை. லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் பொட்டல்காட்டிலும் பிழைத்துக்கொள்வேன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்த்ததும் பொட்டல்காடுதான்.

ஃபோர்ட் வொர்த் தாண்டியதும் மரங்கள் குறையத் தொடங்கின. அபிலீனில் பெட்ரோல் போட்டோம், காலன் இரண்டு டாலர் எழுபத்தொன்பது சென்ட். அதற்கப்புறம் காற்றாலைகளும் பருத்திக்காடும் எண்ணெய் உறிஞ்சும் இயந்திரங்களும்தான். நான் காங்கேயத்துக்காரன். காற்றாலைகளைப் பார்த்ததும் உடுமலை ரோட்டில் போவது போல ஒரு சந்தோஷம் வந்தது. எதிரில் வந்த வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டியதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அடுத்தவரும் காட்டினார், அதற்கடுத்தவரும். லாரியில் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு முறை ஓரங்கட்டி டயரைப் பார்த்தேன். அதுதான் அந்தப் பக்கத்து வணக்கம் என்று அப்புறம் தெரிந்தது.

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அங்கே தமிழ்க் குடும்பம் எது என்று தேடவே வேண்டாம், நாங்கள் ஒன்றுதான். ஒரே சிக்னல், ஒரு மருத்துவமனை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தீவனக் கடை, ஏழு சர்ச். கறிவேப்பிலை வேண்டுமானால் மறுபடி காப்பெல்தான். முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு டார்லா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பு மேடைமேல் ஒரு பை பீச் பழத்தை வைத்துவிட்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று போய்விட்டார். நான் அப்போது லுங்கியோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். காப்பெல்லில் ஒன்பது வருஷம் குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கைக்கு மேல் நான் பார்த்ததில்லை. குப்பைத்தொட்டியை இழுக்கிற கை மட்டும்தான் தெரியும்.

டார்லாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகள் கால்நடை வளர்த்துக் காட்சியில் நிறுத்தும் சங்கத்துக்கும் அவர்தான் எல்லாம். அவருடைய ஆங்கிலத்தை நம் பேச்சிலேயே தருகிறேன், அதன் இழுவை மட்டும் உங்கள் கற்பனைக்கு. செப்டம்பரில் ஒரு படிவத்தோடு வந்தார்.

"உம் பொண்ணு ஆடு வளக்கணும்ங்கறா. ஜனவரில ஷோ. நீ கையெழுத்து போடு."

நான்கு பக்கம் இருந்தது. ஐடி ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எவ்வளவு நீளமான ஒப்பந்தமாக இருந்தாலும் கடைசிக்குப் போய் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்கிவிடுவோம். நானும் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஆடு என்றதும் எனக்கு ஒரே குஷி. கவிதாவிடம், "நம்ம ரத்தம்டி, எங்க போகும்?" என்றேன். அவள் மட்டும் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

முந்நூற்றைம்பது டாலருக்கு வந்த குட்டி வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக இருந்தது. காயடித்த கிடா. இனியா அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து தீவனத்தை எடை போட்டு வைத்தாள். ஒரு மைல் நடத்திக் கூட்டிப்போனாள். குளிப்பாட்டி, ட்ரையரால் முடி உலர்த்தினாள். பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசாமல் ஒரு மாதம் கிடந்த பிள்ளைக்கு அந்த ஆட்டால்தான் சிநேகிதிகள் கிடைத்தார்கள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பிஸ்கட்டிடம் மட்டும் தமிழில் "வா கண்ணு, வா கண்ணு" என்பாள். நான் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். டிசம்பர் விடுமுறையில் கொல்லைப்புறத்துக் கொட்டகையைச் சுத்தம் செய்து, ஷோ முடிந்து வந்ததும் பிஸ்கட் படுக்கப் புது வைக்கோல் போட்டு வைத்தேன்.

இனி அந்த ஜனவரிச் சனிக்கிழமை.

காலை 6:10. வெளியே இருபத்தாறு டிகிரி. ஃபாரன்ஹீட் கணக்கு அது, நம்மூர்க் கணக்கில் பூஜ்யத்துக்கும் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று பிஸ்கட்டின் நெற்றியில் சாமி படத்துக்கு முன்னிருந்த குங்குமத்தை எடுத்து வைத்தேன். எங்கள் பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போகிற காளைக்கு வைப்பதில்லையா?

7:00. எடை போடுகிற இடத்தில் தொப்பி வைத்த பெரியவர் குங்குமத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ஆட்டின்மேல் எந்தச் சாயமும் பூசக்கூடாது, பூசினால் போட்டியிலிருந்து நீக்கம். இனியாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "அப்பா! வொய் வுட் யூ டூ தட்?" என்று கத்தினாள். டார்லா தன் சட்டைக் கையில் எச்சிலைத் துப்பித் துடைத்தார், குங்குமம் போகவில்லை. ஷாம்பு போட்டுக் கழுவி, மறுபடி உலர்த்தி, கடைசி ஆளாய் எடை போட்டோம். தொண்ணூற்றிரண்டு பவுண்ட்.

9:20. மரத்தூள் பரப்பிய வளையத்துக்குள் பதினாலு பிள்ளைகள், பதினாலு ஆடுகள். நடுவர் ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் விரல்களால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அழகுப் போட்டியில் எதற்கு இப்படி அமுக்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மைக்கைப் பிடித்து, "இந்த ஆட்டுக்கு முதுகுக் கறி நீளம், தொடை கனம்" என்றார். பிஸ்கட்டுக்கு மூன்றாவது இடம். நான் விசிலடித்தேன். ஆனால் 'கறி' என்ற சொல் காதிலேயே நின்றுவிட்டது.

12:30. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நிகழ்ச்சிநிரலை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். இரண்டு மணி, ஏலம். மூன்றரை மணி, லாரியில் ஏற்றுதல். எல்லா ஆடுகளும்.

"லாரி எங்க போகுது?" என்று டார்லாவிடம் கேட்டேன்.

"கறி ஆலைக்கு. நீ கையெழுத்து போட்டியே."

கையிலிருந்த காகிதத் தட்டு விழுந்துவிட்டது. காயடித்த கிடாவை வேறு எதற்கு வளர்ப்பார்கள்? காங்கேயத்தில் பிறந்தவனுக்கு இதை ஒருத்தர் சொல்ல வேண்டுமா? என் மகள் ஆசையாய் வளர்க்கிறாள் என்பதற்குமேல் என் மண்டைக்குள் எதுவும் ஏறவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பட்டிக்கு ஓடினேன். அவள் பிஸ்கட்டின் காலடியில் உட்கார்ந்து முடியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இந்த ஆட்ட... சாயங்காலம்..."

"ஐ நோ, அப்பா."

"என்ன தெரியும்?"

"எவ்ரிதிங். ஃப்ரம் த பிகினிங்." சீப்பை நிறுத்தவே இல்லை. "இஃப் ஐ டோல்ட் யூ, யூ வுட் ஹேவ் செட் நோ."

கவிதாவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தாள். "ஏனுங்க, அவ எங்கிட்ட செப்டம்பர்லயே சொல்லிட்டாளுங்க. நீங்களே கையெழுத்து போட்டீங்க, படிச்சிருப்பீங்கன்னு இருந்தேன். குங்குமம் வெச்சு கூட்டிட்டு போனப்பதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு" என்றாள். என் வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது, ஆட்டைக் கணக்கில் சேர்க்காமல். பெற்ற மகள் நாலு மாதம் இதை மனசில் வைத்துக்கொண்டு தினமும் அந்த ஆட்டைக் கொஞ்சியிருக்கிறாள் என்பதுதான் என்னை உலுக்கியது. பயமாகக்கூட இருந்தது.

டார்லாவிடம் திரும்பிப் போய்க் கத்தினேன். "பத்து வயசுப் புள்ளைங்க! பேர் வெச்சு வளத்தத வெட்ட அனுப்பறதா? என்ன பழக்கம் இது?"

அவர் கோபப்படவில்லை. "உங்க ஊர்ல ஆடு திங்கமாட்டீங்களா?"

"திம்போம். ஆனா சாமிக்கு நேந்து விடுவோம். அது வேற. வெட்டறதுக்கு முன்ன ஆட்டுமேல தண்ணி தெளிப்போம். அது உடம்பச் சிலுத்து உதறுனாத்தான் சம்மதம்னு அர்த்தம். அப்பறந்தான் அருவா."

"உதறலன்னா?"

"மறுபடி தெளிப்போம்."

"அப்பவும் உதறலன்னா?"

"உதறுற வரைக்கும் தெளிப்போம்."

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறும். டார்லா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி, "நல்ல பழக்கம்" என்றார். அதற்குச் சிரித்திருந்தாலே தேவலை.

2:15. வாதத்தில் தோற்றுப்போனேன், ஆனால் பிஸ்கட்டை விடுவதாக இல்லை. இனியா வளையத்துக்குள் வந்தாள். ஏலக்காரர் பேசுவது ஒரு வார்த்தையும் புரியவில்லை, எண் மட்டும் புரிந்தது. தீவனக் கடைக்காரர் ஐந்நூறு என்றார். நான் கையைத் தூக்கினேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவர் அறுநூறு என்றார், நான் எழுநூறு. அவர் தொப்பியைச் சரிசெய்துவிட்டு எண்ணூறு என்றார். நான் தொள்ளாயிரம் என்று எழுந்தே நின்றுவிட்டேன். இனியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதெல்லாம் சிவந்திருந்தது. சுத்தியல் விழுந்தது, நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

கணக்கெழுதும் அம்மாள் அட்டையோடு வந்தபோது, "ஆட்ட நான் என் வண்டியிலேயே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். இங்கே ஏலத்தில் எடுப்பது ஆட்டை அல்ல. பிள்ளையின் உழைப்புக்கு ஊர்க்காரர்கள் கொடுக்கும் பரிசுத் தொகை அது. அந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போகும். யார் எடுத்தாலும் ஆடு லாரிக்குத்தான். பெற்றவர்கள் கை தூக்கும் வழக்கமே இல்லை.

ஆக, என் மகளிடமிருந்து என் மகளுக்காக ஏலம் எடுத்து, அவளை ஊர்முன்னால் தலைகுனிய வைத்தேன். அவள் என்னிடம் வந்து மெல்லிய குரலில் ஒன்றுதான் சொன்னாள், அதிசயமாய்த் தமிழில். "அப்பா, ப்ளீஸ். இனி ஒண்ணும் பண்ணாதீங்க."

3:40. ஏற்றுவதும் பிள்ளைகளேதான். அதுதான் அந்த ஊர் வழக்கம். வளர்த்தவர் கையால்தான் ஏற வேண்டும், வேறு யாரும் கயிற்றைத் தொடமாட்டார்கள். இனியா பிஸ்கட்டைப் பலகைச் சரிவில் நடத்திக்கொண்டு போனாள். "வா கண்ணு, வா கண்ணு" என்றது எனக்குக் கேட்டது. அதுவும் வழக்கம்போலப் பின்னாலேயே போயிற்று. உள்ளே போய்க் கழுத்துப் பட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு தனியாக இறங்கி வந்தாள். பத்தடி நடந்தாள். வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி இனியாவுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

நான் ஓடப்போனேன். டார்லா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடு. இது அவங்க நேரம்."

அப்போதுதான் கவனித்தேன். சுவரோரமாக அப்பன்மார்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாரும் குனிந்து தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பிள்ளைகளிடம் போகவில்லை. நானும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றேன். லாரி கிளம்பிப் போன பிறகும் நெடுநேரம் அப்படியே நின்றோம்.

4:30. இனியா வந்து, "ஐம் ஹங்க்ரி" என்றாள். உணவுக் கடையில் மிச்சம் இருந்தது மாட்டுக்கறி வைத்த பன் மட்டும்தான், ஆறு டாலர். இரண்டு வாங்கினேன். நாற்பத்திரண்டு வயது வரை கறி என்றால் முதல் பந்தியில் உட்கார்ந்தவன், அன்று ஒரு வாய் இறங்கவில்லை. அவள் தன்னுடையதைச் சாப்பிட்டுவிட்டு என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் டார்லாவிடம் கத்தியதை இவள் கேட்டிருக்கிறாள் போலும். மென்றுகொண்டே இங்கிலீஷில் கேட்டாள், உங்கள் ஊரில் சாமிக்கு விடுகிற ஆட்டை வளர்ப்பது யார் என்று.

"புள்ளைங்கதான் மேய்க்கும். எங்க வீட்டுல நான் மேய்ச்சேன். கருப்பராயன் கோயிலுக்கு விட்ட கிடா."

"டிட் யூ க்ரை?"

"இல்ல கண்ணு. அழக்கூடாது. அழுதா சாமி ஏத்துக்காதுன்னு சொல்லுவாங்க. எங்கப்பா என் வாயப் பொத்திட்டாரு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "த கிடா... வாட் வாஸ் ஹிஸ் நேம்?"

முப்பத்துநாலு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. பெயர் இருந்தது. அந்தக் கிடாவுக்கு யாருக்கும் தெரியாமல் நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், காலி காகிதத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். இனியா எனக்கு இடம் விட்டு நகர்ந்து, பெஞ்சில் கொஞ்சம் தள்ளிப் போய், நான் அழுது முடிக்கிற வரை உட்கார்ந்திருந்தாள்.