இத்தாலி ஷூவைக் குட்டையாக்கிய தேவசகாயம்

மிஷின் கூவுகிற கூவலைக் கேட்டே ஃபேக்ஸ் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவான் தேவசகாயம். ஜெர்மனிக்காரனுடையதில் இருமல் கலந்திருக்கும், இத்தாலிக்காரனுடையது ராகம் இழுக்கும். ஒருமுறை ஏலகிரிக்குச் சுற்றுலா போனவன் மலை உச்சியில் காதைத் தீட்டிக்கொண்டு, "ஆம்பூர்ல நம்ம ஆபீசுக்கு ஸ்பெயின்காரன் அனுப்புறான்" என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் இறங்கினானாம். வந்து பார்த்தால் ஸ்பெயின் ஆர்டர் தட்டில் கிடந்ததாம். நம்பாதவர்கள் ஏலகிரிக்குப் போய் மலையையே கேட்டுக்கொள்ளலாம்.

அவனுடைய அப்பா, முதலாளி அப்துல் ஹமீத் பாயின் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றே காலம் கழித்தவர். பச்சைத் தோலின் மயிர் கழல ஊறப்போடும் தொட்டி அது. தோலோடு மனிதனின் பாதமும் ஊறும். சாகும்போது அவர் கால்விரல்களில் நகமே இல்லை. பி.காம். முடித்து, தொண்ணூற்றிரண்டில் அதே கம்பெனியின் ஏ.சி. அறையில் ஃபேக்ஸ் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்த மகன், தொட்டிப் பக்கம் போகும் வழியையே மறந்தான். மறக்கத்தான் வெள்ளைச் சட்டை, மறக்கத்தான் செண்ட்.

நல்லவன் என்று என்னால் சொல்ல முடியாது. ஷூவுக்கான அளவுத்தாள்களை அட்டையில் ஒட்டி வெட்டும் பேட்டர்ன் அறையில் மெர்சி என்றொரு பெண். அவன் இல்லாத நேரத்தில் ஃபேக்ஸில் சிக்கிய காகிதத்தை அவள் எடுத்துவிட்டாள். திரும்பி வந்தவன் டெட்டால் வாங்கிவரச் சொல்லி, எல்லார் கண் முன்னாலும் மிஷினைத் துடைத்தான்.

"தோல் நாத்தம் புடிச்ச கையால இத்த தொடாதம்மா. மிஷினுக்கு வாந்தி வரும்."

அறையே சிரித்தது. மெர்சியும் சிரித்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் முதலாளியின் மகன் நசீர் சென்னையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். இனி டெலிபோன் எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான். பேச்சு பளிச்சென்று கேட்டது. ஃபேக்ஸ்தான் செத்தது. பாதிப் பக்கம் வரும், கூவல் விக்கும், லைன் அறுந்துவிடும். அந்தப் பெட்டி ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறது. பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். ஃபேக்ஸுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

"ஃபேக்ஸுக்கு மட்டும் பழைய லைன் குடுத்துடுங்க தம்பி. ஜாஸ்தி பேஜாரா கீது."

"குடுத்துடலாம். உனக்கும் பழைய வேலையே குடுத்துடலாமா? உங்கப்பா நின்ன எடம் காலியாத்தான் கீது. வெள்ளிக்கிழம தொழுகைக்குள்ள ஃபேக்ஸ் ஓடணும், இல்ல நீ தொட்டிக்கு எறங்கு."

தேவசகாயம் வயரை மாற்றினான். மிஷினின் வேகத்தைக் குறைத்தான். முழங்காலிட்டு ஜெபமும் செய்தான். கடைசியில் ஒன்று புரிந்தது: தொலைந்த வரிகளைத் திரும்பக் கேட்டு வாங்கும் வசதி ஒன்று மிஷினுக்குள் இருந்தது, தொலைந்தவை அதிகமானால் அதுவே அலுத்துப்போய் லைனை அறுத்தது. அந்த வசதியை அணைத்தான். பக்கங்கள் குதிரை மாதிரி ஓடிவந்தன.

"சபாஷ்!" என்று நசீர் முதுகில் தட்டினான்.

தொலைந்த வரிகளை இப்போது யாரும் கேட்கவில்லை. மிச்ச வரிகள் நெருங்கி உட்கார்ந்துகொள்ள, ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் குட்டையாக வந்தது. கடிதத்தில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

வழக்கமாக அளவுத்தாள் கூரியரில் வரும். அந்த மாதம் இத்தாலிக்காரனுக்கு அவசரம். ஷூவின் முன்பாகத்தை மாற்றி, நிஜ அளவிலேயே வரைந்து ஃபேக்ஸில் அனுப்பினான். ஓரத்தில் ஒரு கோடு, அதன் நீளத்தை அளந்து சரிபார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு.

"அளந்து பாத்துடவா சார்?" என்றாள் மெர்சி.

"எம் மிஷின்ல வந்தத நீ அளக்குறியா? குடு." அளவு சரி என்று கையெழுத்துப் போட்டு நீட்டினான். "போய் ஒட்டும்மா."

"சரிங்க சார்."

தன் அறைக்குப் போய் மெர்சி அளந்தாள். குறிப்பில் சொன்னதைவிடக் கோடு ஒரு நகக்கண் அளவுக்குக் குறைந்திருந்தது. ஸ்கேலை டிராயரில் வைத்து மூடினாள். தாளை அட்டையில் ஒட்டி, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, கட்டிங் செக்‌ஷனுக்கு அனுப்பினாள். அவ்வளவு சுத்தமான வேலையை அதற்குமுன் அவள் செய்ததில்லை.

கப்பல் ஏறிய சரக்கு அப்படியே திரும்பிவந்தது. விரல் மடங்காமல் அந்த ஷூவுக்குள் போகிற கால் இத்தாலியில் இல்லை.

"யாரும்மா அளந்தது?" என்றார் பாய்.

"சார் கையெழுத்து கீது, பாய்." மெர்சி தலைகுனிந்தே சொன்னாள்.

அன்று மத்தியானமே ஃபேக்ஸுக்குப் பழைய லைன் கிடைத்தது. தேவசகாயத்துக்குப் பழைய தொட்டி கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு பாய் பெரிய மனசு பண்ணி, திரும்பிவந்த ஷூவைத் தொட்டிக்காரர்களுக்குத் தானம் செய்தார். மற்றவர்கள் விற்றுவிட்டார்கள். தேவசகாயம் மட்டும் அதைப் போட்டுக்கொண்டுதான் கேட்டுக்குள் வர வேண்டும் என்று நசீர் உத்தரவு.

ஃபேக்ஸ் நாற்காலியில் இப்போது மெர்சி. மிஷின் கூவும்போதெல்லாம் தொட்டிப் பக்கத்து ஜன்னலைத் திறப்பாள்.

"சார்! இது எந்த ஊரு சார்?"

முழங்கால்வரை சுண்ணாம்பில் நின்றவன் கண்ணை மூடிக் காது கொடுத்தான். தொட்டியே அடங்கிப்போய்க் காத்திருந்தது.

"ஜெர்மனி," என்றான். குரலில் பழைய மிடுக்கு கொஞ்சம் ஏறியிருந்தது.

மெர்சி தாளை உருவி ஆட்டினாள். "குடியாத்தம் சார்! லுங்கிக் கடை விளம்பரம்!"

தொட்டியில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்தான், சிரிக்காவிட்டால் நாளைக்கும் கேட்பாள் என்று நினைத்தான். சிரித்த பிறகும் கேட்டாள்.